செம்மஞ்சள் தூளின் பின்னே போனவர்

அக்கரப்பத்தனையில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள சரிவில் மூன்று கோப்பி மரங்கள் நிற்கின்றன. உம்மும்மா புதுமணப்பெண்ணாக வந்தபோதே அவை அங்கே நின்றனவாம். சென்ற ஆகஸ்ட் விடுமுறையில் பழம் பறிக்கப் போன நான், ஓர் இலையைப் புரட்டிப் பார்த்தேன். அதன் அடிப்பக்கத்தில் வட்ட வட்டமாகச் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருந்தது. தொட்டேன், விரலில் ஒட்டிக்கொண்டது. கறிக்கு மஞ்சள் இடித்த கையைப் போல இருந்தது. அது மரத்துக்குப் பிடித்த சொறி என்றும், தன் காலத்திலிருந்தே வந்து வந்து போவது என்றும் சொல்லி உம்மும்மா அலட்டிக்கொள்ளாமல் இருந்துவிட்டார்.

விடுமுறை முடிந்து கல்லூரிக்கு வந்ததும் அந்த இலையைத் தாவரவியல் ஆசிரியையிடம் காட்டினேன். அவர் பார்த்த உடனேயே பெயர் சொன்னார்: ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ், கோப்பி இலைத் துரு நோய். மலையகத்தில் தேயிலை வந்த கதையே இந்தத் தூளில்தான் தொடங்குகிறது என்றும், அதைப் படிக்க வந்த ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளைஞரைப் பற்றித் தேடிப் பார் என்றும் சொல்லி அனுப்பினார். தேடினேன். அப்படித் தெரிந்துகொண்ட மனிதரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

வார்ட் 1854 ஆம் ஆண்டு மார்ச் 21 ஆம் திகதி இங்கிலாந்தின் ஹெரிபர்ட் நகரில் பிறந்தார். தந்தை இசைக்கலைஞர். வீட்டில் வசதி குறைவு. அதனால் பதினான்கு வயதளவிலேயே மகனின் பள்ளிப் படிப்பு நின்றுபோனது. ஆனாலும் அவர் படிப்பை விடவில்லை. புகழ்பெற்ற உயிரியலாளர் ஹக்ஸ்லி லண்டனில் நடத்திய வகுப்பில் சேர்ந்தார். பிறகு மன்செஸ்டரிலும், புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜிலும் கற்றார். உடன் படித்த வசதியான நண்பர் ஒருவர் பணம் கொடுத்து உதவினார். 1879 இல் முதல் வகுப்பில் தேறியதும் ஜேர்மனிக்குச் சென்று, தாவர உடற்றொழிலியலில் அக்காலத்தின் பேராசானாக விளங்கிய சாக்ஸிடம் பயின்றார். இலங்கையிலிருந்து அழைப்பு வந்தது அந்த நேரத்தில்தான்.

அழைப்பு ஏன் வந்தது என்பதை விளங்கிக்கொள்ள நாம் பத்து ஆண்டுகள் பின்னே போக வேண்டும். 1869 இல் மடுல்சீமைப் பக்கத்துக் கோப்பித் தோட்டம் ஒன்றில் இலைகளின் அடியில் செம்மஞ்சள் புள்ளிகள் தோன்றின. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளராக இருந்த த்வைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பார்க்லி என்ற பங்கசு அறிஞர் அவற்றை ஆராய்ந்து, புதிய இனம் என்று அறிந்து பெயரிட்டார். பெயரின் முற்பாதிக்கு அரைவாசி வழுவழுப்பானது என்று பொருள். பிற்பாதிக்கு நாசம் செய்பவள் என்று பொருள். தோட்டத் துரைமார் இந்த இலத்தீன் பெயரை வாயில் நுழையாமல் திரித்து, நாசகாரி எமிலி என்று ஒரு பெண்ணின் பெயராக்கிவிட்டார்கள். அழிவு எது வந்தாலும் அதற்குப் பெண் பெயர் வைப்பதில் ஆண்களுக்கு என்ன திருப்தியோ தெரியவில்லை!

ஆரம்பத்தில் யாரும் பெரிதாகப் பயப்படவில்லை. கோப்பிக்கு நல்ல விலை இருந்தது. காடு வெட்டி மேலும் மேலும் நட்டார்கள். எங்கள் பகுதிக்கு அருகே திம்புள்ளை, டிக்கோயா மலைகளெல்லாம் அக்காலத்தில்தான் கோப்பிக்காக மொட்டையாகின. 1870களின் முடிவில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கும் மேல் கோப்பி நின்றது. ஆனால் மரத்துக்கு மரம் விளைச்சல் குறைந்துகொண்டே போனது. ஒருவர் மண் களைத்துவிட்டது என்றார். இன்னொருவர் மழை பிழைத்துவிட்டது என்றார். உரம் போதாது என்றவர்களும் இருந்தார்கள். இலையில் தெரியும் தூள் நோயின் காரணமா, அல்லது ஏற்கெனவே நலிந்த மரத்தில் வந்து ஒட்டிக்கொண்டதா என்பதே தீராத வாதமாக இருந்தது. இந்த வழக்கைத் தீர்ப்பதற்காக அரசாங்கம் இரண்டு ஆண்டு நியமனம் கொடுத்து வார்டை வரவழைத்தது. 1880 இல் அவர் பேராதனையில் வேலையைத் தொடங்கியபோது வயது 26.

அவர் செய்த வேலையைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அவரிடம் இருந்தவை ஒரு நுணுக்குக்காட்டி, கண்ணாடித் துண்டுகள், சில கோப்பிக் கன்றுகள், நிறையப் பொறுமை. தூளின் ஒவ்வொரு துகளும் ஒரு வித்தி. வித்தியைத் தண்ணீர்த் துளியில் இட்டு மணிக்கு மணி கவனித்தார். ஈரம் கிடைத்தால் ஒரு நாளுக்குள் அதிலிருந்து மெல்லிய முளைக்குழாய் புறப்படுகிறது. ஈரம் இல்லையென்றால் ஒன்றும் நடப்பதில்லை. முளைக்குழாய் இலையின் அடிப்பக்கத்து இலைவாயைத் தேடிப் பிடித்து அதன் வழியே உள்ளே நுழைகிறது. உள்ளே போனதும் கிளை விட்டு இலையின் கலங்களிலிருந்து உணவை உறிஞ்சுகிறது. சில வாரங்களில் வெளியே மஞ்சள் புள்ளி தெரிகிறது, பிறகு அதே தூள் மறுபடி வெடித்து வருகிறது. ஆரோக்கியமான கன்றின் இலையில் வித்தியைத் தூவி நோயை வரவழைத்தும் காட்டினார். வழக்கு அத்துடன் முடிந்தது. நலிவினால் நோய் வரவில்லை. நோயினால் இலை உதிர்ந்தது, இலை உதிர்ந்ததால்தான் மரம் நலிந்தது.

அடுத்த கேள்வி, வித்தி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு எப்படிப் போகிறது என்பது. கண்ணாடித் துண்டுகளில் கிளிசரின் பூசி வெளியே காற்றுப்படும்படி வைத்தார். பிறகு எடுத்துப் பார்த்தபோது வித்திகள் ஒட்டியிருந்தன. பருவக்காற்றுத்தான் தூளைச் சுமந்து செல்கிறது. காற்றோடு மழையும் சேர்ந்தே வருவதால், விதைப்பதும் நீர் ஊற்றுவதும் ஒரே நேரத்தில் நடந்துவிடுகிறது. மலைக்கு மலை இடைவெளியே இல்லாமல் ஒரே பயிரை நட்டு, குறுக்கே நின்ற காட்டையும் வெட்டிவிட்டால், நோய்க்கு நாமே பாதை போட்டுக் கொடுத்ததாகும் என்பது அவருடைய முடிவு. காற்றுக்குக் குறுக்கே மரவரிசைகளை நட வேண்டும் என்றார். ஒற்றைப் பயிரின் ஆபத்தை இத்தனை தெளிவாக, கண்ணால் கண்ட சான்றோடு சொன்னவர்களில் அவர் முன்னோடி.

மருந்து விடயத்தில்தான் சிக்கல். கந்தகமும் சுண்ணாம்பும் தூவும் முறையை வார்டுக்கு முன்பு டானியல் மொரிஸ் என்பவர் சோதித்திருந்தார். பங்கசு இலைக்குள் நுழைந்த பிறகு வெளியே எதைத் தூவியும் பயன் இல்லை, நுழையும் முன்பே முளைக்குழாயைக் கொல்ல வேண்டும் என்பதை வார்ட் சரியாகக் கண்டார். ஆனால் மலையக மழையில் அந்தத் தூள் கழுவுண்டு போனது. நோயுற்ற மரத்தைக் குணமாக்கும் மருந்து தன்னிடம் இல்லை என்று அறிக்கையில் எழுதிக் கொடுத்தார்.

துரைமாருக்கு ஏமாற்றம். அவர்கள் எதிர்பார்த்தது மருந்து, கிடைத்ததோ விளக்கம். வங்கிக் கடனில் தோட்டம் வாங்கியவர்களுக்கு விளக்கம் எதற்கு? இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று யோசித்தேன். ஏதோ ஒரு கலவையைச் சொல்லி, தூவிப் பாருங்கள் என்று நம்பிக்கை கொடுத்திருந்தால் அவருடைய நியமனம் நீடித்திருக்கலாம், பெயரும் கிடைத்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. 1882 இல் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டார்.

அதன்பின் நடந்ததை மலையகத்தில் பிறந்த எல்லோரும் ஓரளவு அறிவோம். 1884 இல் ஓரியன்டல் வங்கி முறிந்தது. கோப்பி மரங்கள் வேரோடு பிடுங்கப்பட்டன. ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை, நூற்றாண்டு முடிவதற்குள் மூன்று இலட்சம் ஏக்கரைத் தாண்டியது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் காலத்தில்தான் ஆட்கள் அதிகம் தேவை. தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்தவர்களில் பலர் பருவம் முடிந்ததும் திரும்பிப் போனார்கள். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். குடும்பம் குடும்பமாக லயங்களில் நிலைத்தார்கள். அவர்களுக்கு அரிசியும் துணியும் விற்கக் கடைகள் எழுந்தன. என் வாப்பாவின் கடை இருக்கும் பசார் உட்பட எங்கள் ஊரின் வாழ்வு முழுவதும் தேயிலையைச் சுற்றி அமைந்தது அப்படித்தான். ஆங்கிலேயர் தேநீர் குடிக்கப் பழகியதே இந்தப் பங்கசினால்தான் என்று சிலர் எழுதுகிறார்கள். அது மிகை. சீனத் தேயிலையை அவர்கள் அதற்கு நெடுநாள் முன்பிருந்தே குடித்து வந்தார்கள்.

வார்ட் இங்கிலாந்தில் என்ன செய்தார்? 1883 இல் திருமணம். 1885 இல் கூப்பர்ஸ் ஹில் என்னுமிடத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்படும் வன அதிகாரிகளுக்குக் கற்பிக்கும் பேராசிரியர் பதவி. அதே ஆண்டு பிறந்த மகன் பிராங்க் கிங்டன் வார்ட், பின்னாளில் திபெத், பர்மா மலைகளில் செடி தேடி அலைந்து தந்தையை விடப் புகழ் பெற்றார். தந்தையின் ஆராய்ச்சி இலங்கையில் தொடங்கிய வழியிலேயே விரிந்தது. அவரைச் செடியின் மருத்துவர் என்று மட்டும் நான் நினைத்திருந்தேன். உணவையும் குடிநீரையும் கூட அவர் விடவில்லை.

அவரைக் குடும்பத் தாவரங்களின் வேர்ச்சிறுகணுக்கள் மண்ணிலுள்ள நுண்ணங்கி வேர்மயிர் வழியே நுழைவதால் உண்டாகின்றன என்பதை 1887 இல் காட்டினார். உயர்தரத்தில் நைதரசன் வட்டம் பாடமாக்கும் தோழியரே, அந்தப் படத்தில் இவருக்கும் பங்குண்டு. இங்கிலாந்து வீடுகளில் இஞ்சியும் சீனியும் இட்டுப் புளிக்கவைத்த ஒரு பானத்துக்கு, உறை மோர் போல ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிக்கொள்ளும் கூழ்க் கட்டி ஒன்று பயன்பட்டது. அதற்குள் இருப்பது என்ன என்று யாருக்கும் தெரியாது. வார்ட் அதிலிருந்த மதுவத்தையும் பற்றீரியாவையும் தனித்தனியே பிரித்தார். பிறகு இரண்டையும் மட்டும் மறுபடி சேர்த்து அதே கட்டியை உருவாக்கிக் காட்டினார். 1892 இல் வெளிவந்த அந்த ஆய்வு, இரண்டு நுண்ணங்கிகள் ஒன்றையொன்று சார்ந்து வாழ்வதற்குத் தெளிவான சான்று. (நம் கடைகளில் குளிரவைத்து விற்கும் இஞ்சிப் பானம் வேறு, அதைப் பற்றி யாரும் கலவரப்பட வேண்டாம்.)

எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய தண்ணீர் ஆராய்ச்சி. லண்டன் மக்கள் தேம்ஸ் ஆற்று நீரைக் குடித்தார்கள். அதிலுள்ள பற்றீரியாக்களைப் பற்றி ரோயல் சங்கத்துக்காக பேர்சி பிராங்லாந்துடன் சேர்ந்து ஆராய்ந்தார். அந்திராக்ஸ் வித்திகளை ஊடகத்தில் பரப்பி, எழுத்து வடிவம் வெட்டிய மறைப்பினூடே வெயில் படவிட்டார். பற்றீரியா வளர்ந்து தட்டு மங்கியபோது, வெயில் பட்ட எழுத்து மட்டும் தெளிவாக நின்றது. அங்கே எல்லாம் செத்திருந்தன. கொன்றது சூடு அல்ல, ஒளியின் நீல, ஊதாக் கதிர்கள் என்பதையும் பிரித்தறிந்தார். இன்று பல நாடுகளில் தெளிந்த நீரைப் பிளாஸ்டிக் போத்தலில் அடைத்து ஆறு மணி நேரம் வெயிலில் வைத்துச் சுத்திகரிக்கும் எளிய முறை இந்த உண்மையில்தான் நிற்கிறது. எங்கள் ஊர் மூடுபனிக்கு அது சரிவராது. நாங்கள் கொதிக்கவைத்தே குடிக்கிறோம்.

இவற்றை வீட்டில் சொன்னபோது, இத்தனை படித்தும் அவரால் கோப்பியைக் காப்பாற்ற முடியவில்லையே என்று உம்மா கேட்டார். நான் நுண்ணுயிரியல் படிக்க ஆசைப்படுவது அவருக்குத் தெரியும். அந்தக் கேள்விக்குள் வேறொரு கேள்வியும் இருந்தது. அப்போது எனக்குப் பதில் வரவில்லை. சில நாளில் மழை பிடித்தது. எதிர்மலையில் முதுகில் விசிறியுடன் ஆட்கள் தேயிலைக்கு மருந்தடிப்பதைக் கண்டோம். 1946 இல் இலங்கைக்கு வந்த கொப்புள நோயும் ஒரு பங்கசுதான். அதுவும் காற்றில் வந்து, ஈரமான கொழுந்திலையில் முளைக்கிறது. அடிப்பது செப்பு மருந்து. அது நோயுற்ற இலையைக் குணமாக்காது, பங்கசு நுழையுமுன் இலையைக் காக்கும். திராட்சைக்காக மில்லார்டே என்பவர் செப்பும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை 1885 இல் அறிவித்தார். வார்ட் இங்கிருந்து போய் மூன்றே ஆண்டுகள்! எப்போது அடிக்க வேண்டும் என்பதைப் பேராதனையில் ஒருவர் கண்டார், எதை அடிக்க வேண்டும் என்பதைப் பிரான்சில் ஒருவர் கண்டார். கோப்பி தப்பவில்லை. தேயிலை தப்பியது. உம்மாவை ஜன்னலருகே அழைத்து அந்த ஆட்களைக் காட்டி இதைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வார்ட் 1895 இல் கேம்பிரிட்ஜ் தாவரவியல் பேராசிரியரானார். அவர் பாடுபட்டு எழுப்பிய புதிய தாவரவியல் கட்டடம் 1904 இல் திறக்கப்பட்டது. கடைசிக் காலத்திலும் புல்லினங்களில் வரும் துரு நோயைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். 1906 ஆகஸ்ட் 26 ஆம் திகதி, 52 வயதில், டோர்க்கியில் காலமானார். கோப்பித் துரு பிறகு ஆபிரிக்காவைத் தாண்டி 1970 இல் பிரேசிலையும் எட்டியது. இன்றும் அது உலகில் கோப்பியின் முதன்மையான நோய்களில் ஒன்று.

போன வாரம் எங்கள் ஆய்வுகூடத்தில் அந்த இலையின் தூளைச் சிறிது வழுக்கியில் எடுத்துத் தண்ணீர்த் துளி இட்டுப் பார்த்தேன். முதலில் மங்கலாக இருந்தது. குவியம் சரிவந்ததும், தோடம்பழச் சுளைகளைப் போல வித்திகள் கூட்டமாகத் தெரிந்தன. வளைந்த மேற்புறம் முள் முள்ளாகவும், அடிப்புறம் வழுவழுப்பாகவும் இருந்தது. பின்னால் வரிசையில் நின்ற தோழிகள் அவசரப்படுத்தினார்கள். நான் கண்ணை எடுக்கவில்லை.