ஒரு மீனுக்கு அடிபட்டால் கூட்டமே ஓடுவது ஏன்? ரகசியத்தைக் கண்டுபிடித்த கார்ல் வான் ஃபிரிஷ் யார்?

தேனீக்களின் நடனத்துக்கு அர்த்தம் சொன்னவர் என்றுதான் கார்ல் வான் ஃபிரிஷ்ஷைப் பலருக்கும் தெரியும். ஆனா, மீன்கள் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் என்று கண்டுபிடித்ததும் இவர்தான்.

1886-ல் வியன்னாவில் பிறந்தவர். மீனுக்கு நிறமும் தெரியாது, காதும் கேட்காதுன்னு விஞ்ஞானிகள் பலரே நம்பிய காலம் அது. இரண்டுமே தப்பு என்று சோதனை செய்து காட்டினார். விசில் அடித்தால் சாப்பிட வரும்படி, பார்வையில்லாத ஒரு கெளுத்தி மீனையே பழக்கினார்.

மீன் தோலில் என்ன இருக்கு?

மின்னோ என்பது கெண்டை இனத்தைச் சேர்ந்த சின்ன மீன். அடிபட்ட ஒரு மின்னோவைக் கூட்டத்துக்குள் விட்டபோது, மற்ற மீன்கள் மிரண்டு ஓடுவதை ஃபிரிஷ் கவனித்தார். இதை 1938-ல் வெளியிட்டார்.

காரணம், தோலில் இருக்கும் ஒரு ரசாயனம். அதற்கு ‘ஷ்ரெக்ஸ்டோஃப்’ என்று பெயர் வைத்தார். ஜெர்மன் மொழியில் ‘பயமூட்டும் பொருள்’ என்று அர்த்தம்.

இதைச் சுமக்கும் செல்களுக்கு வெளியே திறக்கும் வழி கிடையாது. தோல் கிழிந்தால்தான் ரசாயனம் தண்ணீரில் கலக்கும். அதாவது, பெரிய மீன் ஒன்றைக் கடித்ததும் மற்றவற்றுக்குத் தகவல் போய்விடும். அவை நெருக்கமாகச் சேரும், அடியில் பதுங்கும், சில அசையாமல் நின்றுவிடும். மோப்ப நரம்பைத் துண்டித்த மீன்களிடம் இந்தப் பயம் வரவில்லை. ஆக, மீன் இதை மூக்கால்தான் அறிகிறது.

அவருக்கே வந்த ஆபத்து

அப்போது ஃபிரிஷ் மியூனிக் பல்கலைக்கழகப் பேராசிரியர். ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சி. தாய்வழிப் பாட்டி யூத வம்சம் என்பதால், 1941-ல் அவரை ‘கால் பங்கு யூதர்’ என்று அரசு வகைப்படுத்தியது. வேலையே பறிபோகும் நிலை.

அந்த நேரம் பார்த்து, நோசிமா என்ற குடல் நோய் தாக்கி ஜெர்மனியில் தேனீக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. தேனீ இல்லாவிட்டால் மகரந்தச் சேர்க்கை இல்லை, விளைச்சலும் குறையும். போர்க்கால உணவுக்கே சிக்கல். தேனீக்களை ஆராய ஃபிரிஷ் தேவைப்பட்டார். அதனால் பணிநீக்கத்தைப் போர் முடியும்வரை தள்ளி வைத்தார்கள். போர் முடிந்தபோது அந்த ஆட்சியே இல்லை.

1973-ல் லோரன்ஸ், டின்பெர்கன் ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1982-ல், 95 வயதில் மியூனிக்கில் காலமானார்.

அவர் மீனில் தொடங்கிய ஆராய்ச்சி இன்னும் நிற்கவில்லை. அந்தப் பயமூட்டும் பொருளில் ஒருவகைச் சர்க்கரைத் துணுக்குகளும் இருப்பதை 2012-ல் சிங்கப்பூர் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள்.