பிடியரிசிப் பள்ளியில் படித்தவர்

நம் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்த செய்தியைக் கேட்டதும் எங்கள் அப்பத்தா கோயிலுக்குப் போகவில்லை. விருதுநகருக்குப் போகவேண்டும் என்றாள். நரிக்குடிப் பக்கம் உள்ள எங்கள் ஊரிலிருந்து பேருந்து மாறிப் பேருந்து ஏறிச் சென்று, ஒரு குறுகிய தெருவில் இருக்கும் சிறிய வீட்டின் முன் நின்றோம். பெருந்தலைவர் காமராசர் பிறந்து வளர்ந்த வீடு அது. இன்று நினைவு இல்லம். சுவரில் இருந்த படங்களின் கீழே அச்சிட்டிருந்ததை அப்பத்தா ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டே வந்தாள். எழுபது வயதைக் கடந்த அவள் வாசிப்பதை அன்றுதான் நான் கவனித்துக் கேட்டேன். அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அந்த ஐந்தாம் வகுப்பு அவளுக்கு எப்படிக் கிடைத்தது என்பதை எண்ணிப் பார்த்தபோது எழுந்ததே இக்கட்டுரை. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகும் நான், என்னோடு பயிலும் நண்பர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் அவ்வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. குண்டாறு என்றொரு ஆறு உண்டு. ஆண்டின் பெரும்பகுதி அதில் மணலைத்தான் பார்க்கலாம். கண்மாய் நிறைந்தால் நெல். நிறையாவிட்டால் மிளகாயும் மல்லியும் கம்பும். அதுவும் பொய்த்தால் கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பு. இந்த மண்ணை ஒட்டிய விருதுபட்டியில், 1903-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள், குமாரசாமிக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார் காமராசர். ஆறு வயதில் தந்தையை இழந்தார். தாயையும் தங்கை நாகம்மாளையும் கொண்ட அக்குடும்பம் வறுமையில் வாடியது.

அவர் படித்தது சத்திரிய வித்தியாசாலை என்னும் பள்ளி. அப்பள்ளி வளர்ந்த விதம் நினைத்து மகிழத்தக்கது. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனியே வைப்பார்கள் வீட்டுப் பெண்கள். அந்தப் பிடியரிசியைத் திரட்டி, அதில் வந்த பணத்தில் ஊரார் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் கல்வி கொடுத்தார்கள். ஆனால் கல்வி இலவசமாய் இருந்தாலும் வயிறு காத்திருக்குமா? ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். கட்டணம் இல்லாத பள்ளியிலும் பசித்த பிள்ளை நிலைத்திருக்க முடியாது என்பதை அவர் ஏட்டில் படிக்கவில்லை. தம் வாழ்விலேயே கண்டார்.

துணிக்கடை இளைஞரைத் தேசிய இயக்கம் ஈர்த்தது. 1930-இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு முதன்முறை சிறை சென்றார். அதன்பின் சிறைவாசம் பழகிப்போயிற்று. மொத்தத்தில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அவர் சிறையில் கழித்தார். பள்ளியில் விட்ட படிப்பைச் செய்தித்தாள்களிலும் நூல்களிலும் தோழர்களின் உரையாடலிலும் தொடர்ந்தார்.

1937-இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் வந்தது. வரி கட்டுவோர், சொத்துடையோர், எழுதப் படிக்கத் தெரிந்தோர் எனச் சிலருக்கே வாக்குரிமை இருந்த காலம் அது. சாத்தூர்த் தொகுதியில் காமராசர் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். 215 உறுப்பினர் கொண்ட அந்தச் சபையில் வழக்கறிஞர்களும் நிலக்கிழார்களும் நிறைந்திருந்தனர். அவர்கள் நடுவே ஆறாம் வகுப்பு படித்த இவர் அதிகம் பேசியவர் அல்லர். ஆனால் அதிகம் கேட்டவர். எந்தத் துறையில் எந்தக் காகிதம் எங்கே நிற்கும், எந்த ஊருக்கு எது குறை என்பதையெல்லாம் கேட்டுக் கேட்டே அறிந்துகொண்டார்.

1940-இல் தமிழ்நாடு காங்கிரசுக் கமிட்டியின் தலைவரானார். அரசியலில் அவருக்கு வழிகாட்டிய சத்தியமூர்த்தியே அவருக்குக் கீழ்ச் செயலாளராகப் பணியாற்ற முன்வந்தார் என்றால் இருவர் பெருமையும் விளங்கும். 1941-இல் காமராசர் சிறையில் இருந்தபோதே விருதுநகர் மக்கள் அவரை நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். விடுதலையாகி வந்தவர் அந்த நாற்காலியில் நிலைக்கவில்லை. முழு நேரமும் கொடுக்க முடியாத பதவியை வைத்துக்கொள்வது முறையன்று எனக் கருதி உடனே விலகினார். பதவியை எப்போது ஏற்பது, எப்போது விடுவது என்பதில் அவருக்கு இருந்த தெளிவு பின்னாளில் நாடறிந்ததாயிற்று.

1953-இல் இராசாசி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகள் அரைநாள் பள்ளியிலும் மீதிப் பொழுது பெற்றோர் தொழிலிலும் கழிக்க வகை செய்தது. குலக்கல்வி என்று பெயர் பெற்று எதிர்ப்பை எழுப்பிய அத்திட்டம் 1954-இல் முதல்வரின் பதவி விலகலில் முடிந்தது. அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்கச் சட்டசபைக் கட்சி கூடியபோது, காமராசருக்கு 93 வாக்குகளும் சி. சுப்பிரமணியத்துக்கு 41 வாக்குகளும் கிடைத்தன. 1954 ஏப்ரல் 13-இல் காமராசர் முதலமைச்சரானார்.

இனி அவர் அமைத்த மந்திரிசபையைப் பாருங்கள். அவரையும் சேர்த்து எட்டே பேர். தம்மை எதிர்த்து நின்று தோற்ற சுப்பிரமணியத்தை அவர் ஒதுக்கவில்லை. நிதியையும் கல்வியையும் அவரிடமே ஒப்படைத்தார். இராசாசிக்கு நெருக்கமான அவரே 1954 மே மாதம் அந்தக் கல்வித் திட்டம் கைவிடப்படுவதாக அறிவித்தார். தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்த பரமேசுவரனிடம் அறநிலையத்துறை சென்றது. தலைமுறை தலைமுறையாகக் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்களில் ஒருவர் கோயில் நிர்வாகத்துக்கு அமைச்சரானார். இராமநாதபுரத்துச் சண்முக ராசேசுவர சேதுபதியும் அந்த எண்மரில் ஒருவர். அரண்மனையில் பிறந்தவரும், துணிக்கடையில் முழம் போட்டவரும் ஒரே மேசையில் அமர்ந்தனர். தலைமை இருக்கையில் துணிக்கடைக்காரர்! 1957-இல் மறுபடியும் எண்மர் அமைச்சரவை. அதில் மேலூர்க் கக்கனும், லூர்தம்மாள் சைமன் என்ற பெண்மணியும் இடம்பெற்றனர்.

முதல்வராகும்போது காமராசர் சட்டசபை உறுப்பினர் அல்லர். மேலவை வழியாக எளிதில் நுழைந்திருக்கலாம். அவரோ குடியாத்தம் இடைத்தேர்தலில் மக்களிடம் நேரே சென்று வென்று வந்தார். பின்னர் 1957-லும் 1962-லும் சாத்தூரிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஆட்சி என்பது அமைச்சர்களோடு முடிவதில்லை. கோப்பில் இடப்படும் கையெழுத்து கடைசிக் கிராமத்துக்கு வந்து சேர அதிகாரிகள் வேண்டும். பொதுக்கல்வி இயக்குநராக நெ. து. சுந்தரவடிவேலு அமைந்தது நம் நாட்டின் நற்பேறு. ஒரு மைலுக்குள் ஒரு தொடக்கப்பள்ளி, ஐந்து மைலுக்குள் ஓர் உயர்நிலைப்பள்ளி என்பது குறிக்கோளாயிற்று. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் கூரைக்கு ஓடும் கரும்பலகையும் நாற்காலியும் தந்தனர்.

1956-இல் மதிய உணவு தொடங்கியது. பாரதி பிறந்த எட்டயபுரத்தில் காமராசர் அதைத் தொடங்கி வைத்தார். முதலில் அந்தந்த ஊராரே தானியமும் காயும் விறகும் கொடுத்து நடத்தினார்கள். பின்னர் அரசு கை கொடுத்தது. ஒரு சாப்பாட்டுக்குப் பத்துக் காசு. அதில் ஆறு காசு அரசினது, நான்கு காசு ஊராரது. விருதுபட்டியின் பிடியரிசி மாநிலம் முழுமைக்கும் பரவிற்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்தச் சாப்பாட்டுக்காகத்தான் எங்கள் அப்பத்தா பள்ளிக்கு அனுப்பப்பட்டாள், படிப்புக்காக அன்று. ஆடு மேய்க்கும் பெண்ணுக்கு ஒரு வேளைச் சோறு வீட்டில் மிச்சமாகும் என்பதே அவள் தந்தையின் கணக்கு. ஈயத்தட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்ததையும், பிறகு சில நாள் மஞ்சள் மாவு உப்புமா கிடைத்ததையும் அவள் இன்றும் சொல்லுவாள். சோற்றுக்குப் போனவளோடு எழுத்தும் ஒட்டிக்கொண்டது. ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்க நெடுந்தூரம் நடக்கவேண்டும், பெண் பிள்ளை, அதோடு நின்றது. ஆனால் தன் பிள்ளைகள் எவரையும் ஐந்தோடு நிறுத்த அவள் விடவில்லை. என் அப்பா பத்தாம் வகுப்பு வரை போனார்.

காமராசர் எல்லாம் செய்து முடித்துவிட்டார் என்று எழுதினால் அது புகழுரையாகும், வரலாறு ஆகாது. 1959-இல் வைகை அணை திறக்கப்பட்டது. எங்கள் ஊர்க் கண்மாய் இன்றும் மழையைத்தான் நம்பியிருக்கிறது. 1957-இல் முதுகுளத்தூர் வட்டாரத்தில் மூண்ட சாதிக் கலவரமும் போலீசு துப்பாக்கிச் சூடும் அவர் ஆட்சிக்காலத்து ஆறாத வடுக்கள். மக்களும் அவரைத் தேர்தலில் தண்டிக்கத் தயங்கவில்லை. 1963 அக்டோபர் 2-இல் கட்சிப் பணிக்காக முதல்வர் பதவியைத் துறந்து, அகில இந்தியக் காங்கிரசின் தலைவராகி, 1964-லும் 1966-லும் பிரதமர்கள் தேர்வில் முன்நின்ற அவர், 1967-இல் சொந்த ஊரான விருதுநகரில் சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். பள்ளிகளைத் திறந்தவரை ஒரு மாணவர் வென்றார்! அதிலும் ஒரு பொருத்தம் இருக்கிறது. கல்வி என்பது நன்றிக்கடனுக்கு ஈடாகக் கொடுக்கப்படுவதன்று. கேள்வி கேட்கும் உரிமையும் அதனுடன் வருகிறது. இடைத்தேர்தலில் நாகர்கோவில் மக்கள் 1969-இல் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். 1975 அக்டோபர் 2-இல், காந்தியடிகள் பிறந்த நாளில், அவர் உயிர் பிரிந்தது. சென்னையில் கடைசி வரை வாடகை வீட்டிலேயே வாழ்ந்த அவர் சொத்து எதுவும் சேர்த்து வைக்கவில்லை.

அவர் ஏற்றிய அடுப்பு அவரோடு அணையவில்லை. 1977-இல் நம் அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்று முதல்வரான எம்.ஜி.ஆர். 1982-இல் அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. கட்சிகள் மாறின, ஆட்சிகள் மாறின, அடுப்பு மட்டும் எரிந்துகொண்டே வந்திருக்கிறது. ஒரு சட்டசபையின் பெருமை அதில் முழங்கிய பேச்சுகளில் இல்லை. அங்கே தீர்மானித்தது ஒரு கரிசல்காட்டுப் பிள்ளையின் தட்டு வரை வந்து சேர்ந்ததா என்பதில் இருக்கிறது.

இறுதியாக என் கதை ஒன்று. சென்ற கோடையில் அப்பா நோயுற்றுக் கரிமூட்ட வேலைக்குப் போக முடியாமல் கிடந்தார். படிப்பை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போவதென நான் முடிவு செய்து பையையும் கட்டிவிட்டேன். அப்பத்தா ஒன்றும் பேசாமல் மறுநாள் தன் ஆடுகளில் இரண்டை விற்றுப் பணத்தை என் வேதியியல் நோட்டுக்குள் வைத்தாள். அவளும் ஒரு பிடியரிசி எடுத்து வைத்தாள் என்றுதான் சொல்லவேண்டும்.

நண்பர்களே! என்னோடு முதலாண்டில் சேர்ந்த ஒருவன் இவ்வாண்டு வரவில்லை. அவனுக்கு விற்பதற்கு ஆடு இல்லை. சோற்றுக்காகப் பள்ளிக்குப் போன தலைமுறை நம்மை இந்த வாயில் வரை கொண்டுவந்து விட்டிருக்கிறது. அந்தக் காலி இடத்தை நிரப்பும் கடமை நம்முடையது. வாரம் ஒரு நாள் தேநீர்க் காசை நம் வகுப்பில் ஒவ்வொருவரும் எடுத்து வைத்தால், அடுத்த ஆண்டு ஒருவனாவது திரும்பி வரக்கூடும். எங்கள் வகுப்பில் நாங்கள் தொடங்கிவிட்டோம். உங்கள் வகுப்பில்?