தூக்குமேடையை மூடிய பிரதமர்

பண்டாரநாயக்க என்ற பெயரைக் கேட்டதும் ஈழத்தமிழர் நெஞ்சில் முதலில் எழுவது 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டமே. அச்சட்டம் திறந்துவிட்ட பாதையின் முடிவிலேதான் நாம் இன்று அந்நிய மண்ணில் நிற்கிறோம். அதனை மறக்குமாறு நாம் எவரையும் கேட்கவில்லை. ஆயினும், அதே ஆண்டில் அவரது ஆட்சி தொடங்கிவைத்த வேறொரு காரியமும் உண்டு. எம்மிடையே அது அதிகம் பேசப்படுவதில்லை. இலங்கையில் தூக்குத் தண்டனையை நிறுத்தி வைத்தது அவருடைய அரசாங்கமே.

சொலமன் வெஸ்ட் றிஜ்வே டயஸ் பண்டாரநாயக்க 1899 ஜனவரி 8ஆம் நாள் கொழும்பிற் பிறந்தார். தந்தையார் ஆங்கிலேயர் ஆட்சியில் மகாமுதலியார் பதவி வகித்தவர்; குடும்பம் அங்கிலிக்கன் கிறிஸ்தவக் குடும்பம். ஒக்ஸ்போர்டிற் கற்று, பாரிஸ்டராகி, 1925இல் நாடு திரும்பினார். அடுத்த ஆண்டே இலங்கைக்குச் சமஷ்டி ஆட்சிமுறையே ஏற்றது என வாதிட்டவர் அவர். பின்னர் பௌத்தரானார். 1951இல் ஐக்கிய தேசியக் கட்சியை விட்டு விலகி ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியை நிறுவினார். 1956 ஏப்ரலில் பிக்குமாரின் பேராதரவுடன் பிரதமரானார்.

மொழிப் பிரச்சினையில் அவர் உறுதியற்றவராகவே நடந்துகொண்டார். 1957 யூலையில் செல்வநாயகத்துடன் ஒப்பந்தம் செய்தார். 1958 ஏப்ரலில் பிக்குமார் றோஸ்மீட் பிளேஸ் இல்லத்தின் முன் அமர்ந்து நெருக்கியதும் அதனைக் கைவிட்டார். அடுத்த மாதமே தமிழர் இரத்தம் சிந்தியது. ஆனால் மரண தண்டனை விடயத்தில் அவரது அரசாங்கம் பின்வாங்கவில்லை. ஆட்சிக்கு வந்ததும் தூக்கிலிடுதலை நிறுத்தியது. 1958இல் மூன்றாண்டுப் பரீட்சார்த்தமாக அதனைச் சட்டமாக்கியது. நோர்வல் மொறிஸ் என்ற சட்ட அறிஞரின் தலைமையில் விசாரணைக் குழுவொன்றையும் அமைத்தது. தூக்கை நிறுத்தியதனால் கொலைகள் பெருகின என்று கொள்ள அக்குழு ஆதாரம் காணவில்லை.

1959 செப்டெம்பர் 25ஆம் நாட் காலை, றோஸ்மீட் பிளேஸ் இல்லத்தின் விறாந்தையில் பிரதமர் மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்தார். தல்துவே சோமாராம என்ற பிக்குவும் காத்திருந்தார். அவருக்கு வணக்கம் செலுத்த முற்பட்ட பிரதமரை அந்தப் பிக்குவே கைத்துப்பாக்கியாற் சுட்டார். வைத்தியசாலையிலிருந்து நாட்டு மக்களுக்கு விடுத்த செய்தியில், தம்மைச் சுட்டவர் மீது இரக்கம் காட்டுமாறும் பழிவாங்க வேண்டாமென்றும் பண்டாரநாயக்க கேட்டுக்கொண்டார். மறுநாட் காலை உயிர் பிரிந்தது.

அந்த வேண்டுகோளை நாடு செவிமடுக்கவில்லை. மூன்று மாதம் ஆகுமுன்னரே தகநாயக்க அரசாங்கம் மரண தண்டனையை மீண்டும் கொண்டுவந்தது. புதிய சட்டம் வருமுன் செய்யப்பட்ட கொலைக்கும் அத்தண்டனை செல்லும் என்று அதில் எழுதப்பட்டது. நிகழ்ந்து முடிந்த குற்றத்துக்குப் பின்னோக்கித் தண்டனை வகுப்பது சட்டநெறிக்கே முரணானது. 1961இல் மூவருக்குத் தூக்குத் தீர்ப்பளிக்கப்பட்டது. சூத்திரதாரி எனத் தீர்க்கப்பட்ட களனி விகாராதிபதி புத்தரக்கித்தவும் அவருடைய கூட்டாளியும் மேன்முறையீட்டில் உயிர் தப்பினர். பின்னோக்கிய விதி கொலைக்கே பொருந்தும், கொலைச் சதிக்குப் பொருந்தாது என்பதே காரணம். 1962 யூலை 6ஆம் நாள் சோமாராம மட்டும் தூக்கிலிடப்பட்டார். சதியின் கருவி எனப்பட்டவர் மாண்டார். ஏவியவர் எனப்பட்டவர் சட்டச் சொல்லொன்றின் இடைவெளியிற் பிழைத்தார். உயிரைப் பறிக்கும் தண்டனை எவ்வளவு தற்செயலானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எமது உறவுகளைக் கொன்றவர்களைத் தூக்கிலிட்டால் என்ன என்ற கேள்வி எம்மவர் பலருக்கு எழுவது இயல்பே. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் சென்று இரக்கம் பற்றி உபதேசிக்கும் தகுதி எமக்கில்லை. ஆயினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டுகிறோம். 1996இல் யாழ்ப்பாணத்தில் பாடசாலை மாணவி ஒருத்தியும், அவளைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் 1998இல் இராணுவத்தினர் சிலருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. செம்மணியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டுள்ளனர் என்பதை நீதிமன்றில் வெளிப்படுத்தியவர் அவர்களுள் ஒருவரே. 1999இல் அங்கு 15 எலும்புக்கூடுகள் தோண்டி எடுக்கப்பட்டன. 2025இல் மேலும் பல வெளிவந்தன. அந்தச் சிப்பாயை உடனே தூக்கிலிட்டிருந்தால், எத்தனையோ தாய்மார் தேடும் உண்மையின் ஒரு பகுதி அவரோடு புதைந்திருக்கும். கொன்றவன் வாயையும் தூக்குக் கயிறு அடைத்துவிடுகிறது. ஏவியவர்களுக்கு அதைவிட வசதி வேறில்லை.

மரண தண்டனையை எதிர்ப்பது குற்றவாளியை மன்னிப்பதாகாது. விசாரணை வேண்டும், தீர்ப்பு வேண்டும், தண்டனை வேண்டும். தவறிழைத்த நீதிமன்றம் தன்னைத் திருத்திக்கொள்ள இடமிருக்க வேண்டும் என்பதே கோரிக்கை. மாண்டவனை எந்த மேன்முறையீடும் மீட்காது. கொல்லும் அதிகாரத்தை அரசிடம் ஒப்படைத்தால் அது யார் மீது முதலிற் பாயும் என்பதை எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இலங்கையில் இறுதியாகத் தூக்கிலிடப்பட்டது 1976இல். அதன் பின் எவரும் தூக்கிலிடப்படாவிடினும் தண்டனை இன்னமும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 2019இல் அதனை உயிர்ப்பிக்க எடுத்த முயற்சியை உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. எம்மிற் பலர் தஞ்சம் பெற்றுள்ள நாடுகளோ அதனை முற்றாக ஒழித்துவிட்டன. பிரான்சு 1981இல் ஒழித்தது.

பண்டாரநாயக்க எமக்கு இழைத்த அநீதி வரலாற்றில் நிற்கும். சாகும் வேளையில் தம்மைக் கொன்றவனுக்காக அவர் கேட்ட இரக்கமும் நிற்கும். முன்னதன் கணக்கைத் தீர்க்குமாறு கேட்கும் உரிமை எமக்குண்டு. பின்னதை ஏற்பதால் அவ்வுரிமை குன்றிவிடாது.