மேகநாத் சாகா: சாதி மறித்த பாதையில் ஓர் இயற்பியலாளர்

வானியற்பியல் பயில்வோர் எவரும் சாகா சமன்பாட்டை அறியாமல் இருக்க இயலாது. அச்சமன்பாட்டைத் தந்த மேகநாத் சாகா, மாணவர் விடுதியின் உணவுக்கூடத்தில் பிறரோடு அமர்ந்து உண்பதற்கே எதிர்ப்பைச் சந்தித்தவர் என்பதைப் பாடநூல்கள் பேசுவதில்லை. அதனாலேயே அவரது கல்விப் பயணத்தை நாம் திரும்பிப் பார்க்க வேண்டியுள்ளது.

1893 அக்டோபர் 6 அன்று, டாக்காவுக்கு அருகிலுள்ள சியோராதலி என்னும் சிற்றூரில் சாகா பிறந்தார். தந்தை ஜெகந்நாத் சாகா சிறு மளிகைக்கடை நடத்தி வந்தார். வங்காளச் சாதி அடுக்கில் தாழ்த்தி வைக்கப்பட்ட வணிகச் சாதி அவர்களுடையது. பிற்காலத்தில் மேற்கு வங்கத்தின் பட்டியல் சாதிகளுள் சாகாக்கள் சேர்க்கப்படவில்லை. அவரைத் தலித் என்று நாம் உரிமை கோரவும் இல்லை. ஆனால், உணவையும் வழிபாட்டையும் கொண்டு மனிதரைப் பிரிக்கும் ஒழுங்கு அவரையும் விட்டுவைக்கவில்லை.

தொடக்கக் கல்வி முடிந்ததும் கடையில் அமர வேண்டிய நிலை. அடுத்த பள்ளியோ ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில், சிமுலியாவில் இருந்தது. அங்கே அனந்த குமார் தாஸ் என்னும் மருத்துவர் தம் வீட்டில் கட்டணமின்றித் தங்கவும் உண்ணவும் இடமளித்தார். உண்ட தட்டைச் சிறுவன் தானே கழுவ வேண்டும். வீட்டு மாட்டையும் பராமரிக்க வேண்டும். அந்த உதவி கிட்டாதிருந்தால் சாகாவின் படிப்பு அங்கேயே முடிந்திருக்கும். அதே வேளையில், அந்த உதவிக்குள்ளும் சாதி இருந்தது. இரண்டையும் சேர்த்தே நாம் பதிவு செய்ய வேண்டும்.

மாவட்டத்தில் முதலிடம் பெற்று, உதவித்தொகையுடன் 1905இல் டாக்கா அரசுப் பள்ளியில் சேர்ந்தார். அது வங்கப் பிரிவினைக்கு எதிரான கிளர்ச்சிக் காலம். ஆளுநர் ஃபுல்லரின் வருகையையொட்டி எழுந்த மாணவர் எதிர்ப்பில் பங்குகொண்டதற்காக உதவித்தொகை பறிக்கப்பட்டது, பள்ளியிலிருந்தும் நீக்கப்பட்டார். கிஷோரிலால் ஜூபிலி பள்ளி அவரைச் சேர்த்துக்கொண்டது. 1909இல் நுழைவுத் தேர்வில் கிழக்கு வங்க மாணவர்களுள் முதலிடம் பெற்றார். டாக்கா கல்லூரியில் பயின்றபோது செர்மன் மொழியையும் கற்றார்.

1911இல் கல்கத்தா மாநிலக் கல்லூரிக்கு வந்தார். ஜெகதீச சந்திர போஸும் பிரஃபுல்ல சந்திர ராயும் அங்கு ஆசிரியர்கள். சத்யேந்திரநாத் போஸ் வகுப்புத் தோழர். இளங்கலையிலும் முதுகலையிலும் போஸ் முதலிடம், சாகா இரண்டாமிடம். ஆயினும், ஈடன் இந்து விடுதியில் அவருடன் உண்ண ஆதிக்கச் சாதி மாணவர்கள் சிலர் மறுத்தனர். சரசுவதி பூசையில் அவர் பங்கேற்பதற்கும் எதிர்ப்பு எழுந்தது. கல்விக் கடவுளின் விழாவிலேயே கல்வியில் சிறந்த மாணவர் ஒருவர் தள்ளி நிறுத்தப்பட்டார்.

புரட்சியாளர்களோடு தொடர்புடையவர் என்ற ஐயத்தால் அரசின் நிதித்துறைத் தேர்வெழுத அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. மிதிவண்டியில் வீடு வீடாகச் சென்று பாடம் நடத்திக் குடும்பத்தைத் தாங்கினார். 1916இல் அசுதோஷ் முகர்ஜி அவரைப் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் விரிவுரையாளராக அமர்த்தினார். கதிர்வீச்சு அழுத்தம் பற்றி அவர் எழுதிய விரிவான கட்டுரையை அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் முழுமையாக வெளியிட முடியவில்லை. அச்சுச் செலவை ஏற்க அவரிடம் பணமில்லை.

1919இல் முனைவர் பட்டமும் பிரேம்சந்த் ராய்சந்த் உதவித்தொகையும் கிடைத்தன. ஐரோப்பாவுக்குச் செல்லும் வழி அதனால் திறந்தது. இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆல்ஃபிரட் ஃபௌலரின் ஆய்வகத்தில் சில மாதங்களும், பின்னர் பெர்லினில் வால்தர் நெர்ன்ஸ்ட்டின் ஆய்வகத்திலும் பணிபுரிந்தார்.

1920இல் வெளியான அவரது வெப்ப அயனியாக்கக் கோட்பாடு, விண்மீன் நிறமாலைகளைப் படிக்கும் முறையையே மாற்றியது. வெப்பநிலை உயர்ந்தாலோ அழுத்தம் குறைந்தாலோ அணுக்கள் எலக்ட்ரான்களை எளிதில் இழக்கின்றன. ஆகவே, ஒரு தனிமத்தின் கோடு நிறமாலையில் தென்படாததாலேயே அத்தனிமம் அந்த விண்மீனில் இல்லை என்று கூறிவிட முடியாது. இச்சமன்பாட்டைக் கொண்டே செசிலியா பெய்ன், விண்மீன்களில் ஐட்ரசனே மிகுதி என்ற முடிவுக்கு 1925இல் வந்தடைந்தார். சாகா 1927இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். பின்னாளில் கல்கத்தாவில் அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தை உருவாக்கினார், 1952இல் நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்வு பெற்றார், 1956இல் மறைந்தார்.

இந்த வரலாற்றைத் தனிமனிதத் திறமையின் வெற்றியாக மட்டும் சொல்வது எளிது. அப்படிச் சொன்னால், சாகாவை ஒவ்வொரு கட்டத்திலும் தாங்கிய சோறும் இடமும் உதவித்தொகையும் மறைந்துபோகும். அவை மறுக்கப்பட்டால் என்ன நிகழும் என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். ஐதராபாத் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா, அறிவியல் எழுத்தாளராக விரும்பியவர். உதவித்தொகை நிறுத்தப்பட்டு, விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட நிலையில் 2016 சனவரியில் அவரை நாம் இழந்தோம். சாகாவுக்கும் அவருக்கும் இடையே ஒரு நூற்றாண்டு கடந்திருந்தது.

ஒரு சிற்றூர் மருத்துவரின் நிபந்தனைக்குட்பட்ட இரக்கத்தை நம்பி எந்த மாணவரும் இனிப் படிக்க வேண்டியதில்லை என்ற நிலை வர வேண்டும். உரிய காலத்தில் உதவித்தொகை, பாகுபாடற்ற விடுதி, பொதுவான உணவுக்கூடம் ஆகியவற்றை நாம் சலுகைகளாக அல்ல, உரிமைகளாகவே கோருகிறோம்.