அளக்க முடியாததை அளந்தவர்

ஈப்போ மருத்துவமனையில் குழந்தை பிறந்ததும் அதன் தொப்புள்கொடியிலிருந்து சிறிது இரத்தம் எடுக்கப்படும். தைராய்டு குறைபாட்டை உடனே கண்டறிந்து மருந்து கொடுத்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படாது. இரத்தத்திலுள்ள மிக நுண்ணிய அளவு ஹார்மோனையும் அளக்கலாம் எனக் காட்டியவர் ரோசலின் யாலோ.

ரோசலின் 1921ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பிறந்தார். பெற்றோர் உயர்நிலைக் கல்வி பெறாதவர்கள். மகளோ இயற்பியல் பயின்றார். பெண் என்பதால் மேற்கல்விக்கு இடம் கிடைப்பது அரிதாக இருந்தது. எனவே, சுருக்கெழுத்துக் கற்றுச் செயலாளர் பணிக்கும் ஆயத்தமானார். 1941இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம் அவரை ஏற்றுக்கொண்டது. 1945இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர், நியூயார்க்கில் முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்றில், துப்புரவுப் பொருள்கள் வைக்கும் அறையையே ஆய்வுக்கூடமாக்கினார்.

1950இல் மருத்துவர் சாலமன் பெர்சன் அவருடன் இணைந்தார். இன்சுலின் என்பது ஒரு சிறிய பெப்டைடு. அதற்கு எதிராக உடல் எதிர்ப்பொருளை உருவாக்காது என்றே அறிஞர்கள் நம்பினர். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் நீரிழிவு நோயாளிகளின் இரத்தத்தில் அதனோடு பிணையும் எதிர்ப்பொருள் இருப்பதை இருவரும் கண்டனர். முதலில் ஆய்விதழ் ஒன்று இக்கட்டுரையை ஏற்க மறுத்தது. இருவரும் தளரவில்லை, 1956இல் அது வெளிவந்தது.

அப்பிணைப்பே புதிய அளவுகோலானது. தோட்டத்திலிருந்து புறப்படும் பள்ளிப் பேருந்தில் 40 இருக்கைகளே உள்ளன எனக் கொள்வோம். சிவப்புத் தொப்பி அணிந்த 40 பேருடன் தொப்பி அணியாதவர்களும் இடம்பிடிக்கப் போட்டியிடுகின்றனர். தொப்பி அணியாதோர் கூடக்கூட, இருக்கையிலுள்ள சிவப்புத் தொப்பிகள் குறையும். தொப்பிகளை எண்ணியே மற்றவர் எத்தனை பேர் எனக் கணிக்கலாம். எதிர்ப்பொருளே இருக்கை, கதிரியக்க அயோடின் சேர்த்த இன்சுலினே சிவப்புத் தொப்பிக்காரர், நோயாளியின் இன்சுலினே தொப்பி அணியாதவர். 1960இல் இருவரும் இம்முறையை விரிவாக வெளியிட்டனர். பின்னர், வேறு பல ஹார்மோன்களை அளக்கவும் இது வழிகாட்டியது.

காப்புரிமை பெற்றிருந்தால் இருவரும் பெருஞ்செல்வம் ஈட்டியிருக்கலாம். ஆனால், எல்லாருக்கும் பயன்பட வேண்டுமென அதனைப் பெறாமலே விட்டனர். 1972இல் பெர்சன் மறைந்தார். ரோசலின் தம் ஆய்வுக்கூடத்திற்கு நண்பரின் பெயரைச் சூட்டினார். 1977இல் நோபல் பரிசு பெற்றபோது, தம் உரையில் அந்த மறுப்புக் கடிதத்தையும் இடம்பெறச் செய்தார். 2011இல் அவர் மறைந்தார். எனினும், ஆய்வுக்கூடங்களில் ஒவ்வொரு நாளும் சோதிக்கப்படும் இரத்தத் துளிகளில் அவரது உழைப்பு வாழ்கிறது.