ஜார்ஜ் பூல்

இங்கிலாந்தின் லிங்கன் நகரில் 1815ஆம் ஆண்டு காலணி தைக்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர் ஜார்ஜ் பூல். தந்தையின் தொழில் நலிவுற்றதால், பதினாறாம் அகவையிலேயே ஆசிரியப் பணியேற்றுக் குடும்பத்தைத் தாங்கினார். பல்கலைக்கழகத்தில் பயிலும் வாய்ப்பு அமையாத அவர், உயர்கணிதத்தை நூல்களின்வழித் தாமே கற்றுத் தேர்ந்தார். பட்டம் பெறாத அவரை, அயர்லாந்தின் கார்க் நகரக் குயின்ஸ் கல்லூரி 1849இல் கணிதப் பேராசிரியராக அமர்த்தியது.

மெய்யை 1 எனவும் பொய்யை 0 எனவும் குறித்து, மனிதச் சிந்தனையையே சமன்பாடுகளாக்கி 1854இல் நூலாக வெளியிட்டார். 1864இல் மழையில் நனைந்த உடையுடன் வகுப்பெடுத்த அவர், நுரையீரல் அழற்சியுற்று 49ஆம் அகவையில் மறைந்தார். தம் கணிதத்தின் பயனை அவர் காணவில்லை. 1937இல் கிளாடு ஷானன் அதனை மின்சுற்றுகளுக்குப் பொருத்திக் காட்டினார். கையிருப்புக் குறைந்து, தேவையும் மிகுந்தால் கொள்முதல் செய்க என முடிவுரைக்கும் இன்றைய வணிகக் கணினி, பூல் வகுத்த விதிகளின்படியே இயங்குகிறது.