சொல்லின்றி நடித்த போரிஸ் கார்லாஃப்

1887 நவம்பர் 23ஆம் நாள் இலண்டனில் பிறந்த வில்லியம் ஹென்றி பிராட் என்பாரைப் போரிஸ் கார்லாஃப் என்றாலே உலகம் அறியும். 1909இல் கனடா சென்று நாடகக் குழுக்களோடு அலைந்தார். பின் ஹாலிவுட்டில் சிறுவேடங்களும் கிட்டாத நாள்களில் லாரி ஓட்டிப் பிழைத்தார். 1931இல் ஜேம்ஸ் வேல் இயக்கிய 'பிராங்கன்ஸ்டைன்' வாய்த்தது. பிணங்களின் உறுப்புகளை இணைத்து ஓர் அறிவியலாளன் உண்டாக்கிய உயிருருவே இவர் ஏற்ற வேடம். திரைப்படம் பேசத் தொடங்கிவிட்ட காலம் அது. இவருக்கோ ஒரு சொல்லும் இல்லை. தொடக்கப் பெயர்ப்பட்டியலில் இவர் பெயருக்கு மாறாக வினாக்குறியே நின்றது.

ஜாக் பியர்ஸ் செய்த ஒப்பனைக்கு நாள்தோறும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆயிற்று. அக்கனத்த பூச்சையும் மீறி, மேலிருந்து விழும் ஒளியைப் பற்ற இவர் கைகளை உயர்த்தும் காட்சியில் அரக்கன் தெரிவதில்லை. தாயற்ற குழவியே தெரிகிறது. பேய்ப்படம் என்று ஒதுக்குவோர் இதனை மட்டுமேனும் காணலாம். தம்மைப் படைத்தவனாக நடித்தவரைச் சுமந்து குன்றேறியதில் முதுகு பழுதுற்றது. அவ்வலி பிற்காலத்தும் தொடர்ந்தது.

நடிகரின் வேலை நேரத்துக்கு வரம்பு கேட்டு 1933இல் எழுந்த திரை நடிகர் சங்கத்தின் நிறுவனர்களுள் இவரும் ஒருவர். உறுப்பினர் எண் 9. 1935இல் வந்த தொடர்ச்சிப் படத்தில் அவ்வுருவுக்குப் பேச்சு தரப்பட்டது. இவர் அதனை விரும்பவில்லை. 1969 பிப்ரவரி 2ஆம் நாள் இங்கிலாந்தில் மறைந்தார்.